கோப்பில் 'காலியிடம்' என்று எழுதப்பட்ட பூங்கா

வாசகர் கடிதம் (சுருக்கம்): எங்கள் நகர் 1996-இல் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதலோடு போடப்பட்ட மனைப்பிரிவு. மொத்தம் 118 மனை. அப்போது ஊராட்சியில் இருந்தோம். 2011-இல் நகராட்சியோடு சேர்த்துவிட்டார்கள். பூங்காவுக்கென்று விட்டிருந்த 45 சென்ட் இடம் இத்தனை வருடமும் சீமைக்கருவேலம் மண்டிக் கிடந்தது. போன மாதம் ஜேசிபி வந்து முள்ளையெல்லாம் வழித்துப் போட்டது. பூங்கா வரப்போகிறது என்று நம்பி, டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம். பிறகுதான் தெரிந்தது, அங்கே குப்பையிலிருந்து உரம் தயாரிக்கும் நுண் உர மையம் கட்ட மன்றத்தில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள் என்று. நாற்பது பேர் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். மன்றக் கூட்டத்தில் பொதுமக்கள் பேச முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கவுன்சிலரோ, "தீர்மானம் பாஸாகிவிட்டது, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது" என்கிறார். இனி யாரும் சொத்து வரி கட்டக் கூடாது என்று சங்கத்தில் சிலர் கொதிக்கிறார்கள். நாங்கள் என்ன செய்யலாம்?
- குடியிருப்போர் நலச் சங்கச் செயலாளர், ஓய்வு பெற்ற ஆசிரியை, கொங்கு வட்டாரத்து நகராட்சி ஒன்றிலிருந்து.

அன்புள்ள டீச்சருக்கு, வணக்கம்.

ஜேசிபி டிரைவருக்கு டீ வாங்கிக் கொடுத்தோம் என்று எழுதியிருந்தீர்களே, அந்த வரியைத் தாண்ட எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. நான் இருபத்தொன்பது வருடம் நகராட்சிப் பணியில் இருந்து, ஆணையராக ஓய்வு பெற்றவன். நாற்பது பேர் வாசலில் வந்து நிற்கும்போது உள்ளே உட்கார்ந்திருக்கும் எங்களுக்குக் கூட்டமும் சத்தமும்தான் தெரியும். அதே ஆட்கள் போன வாரம் சந்தோஷமாக இருந்தார்கள் என்பது தெரியாது.

முதலில் கவுன்சிலர் சொன்னதற்குப் பதில் சொல்லிவிடுகிறேன். தீர்மானம் போட்டதோடு எல்லாம் முடிந்துவிடாது. தீர்மானத்துக்கும் கட்டடத்துக்கும் நடுவில் மதிப்பீடு, நிர்வாக அனுமதி, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், பணி உத்தரவு என்று பல படிகள் உண்டு. எந்தப் படியிலும் அது நிற்கலாம். மன்றம் தன் தீர்மானத்தைத் தானே மறுபரிசீலனை செய்யலாம். சட்டத்துக்கு முரணான தீர்மானத்தை நிறுத்திவைக்கவும் ரத்து செய்யவும் அரசுக்கு அதிகாரம் இருக்கிறது. ஆனால் நாள் போகப் போகக் கஷ்டம். வானம் தோண்டி கான்கிரீட் போட்டுவிட்டால், 'இவ்வளவு பணம் செலவாகிவிட்டதே' என்பதே ஒரு வாதமாகிவிடும். ஆகவே இந்த வாரமே தொடங்குங்கள்.

எங்கே தொடங்குவது என்பதைச் சொல்ல, மன்றக் கூட்டம் நடக்கும் விதத்தைச் சொல்ல வேண்டும். ஒரு மாதக் கூட்டத்துக்கு ஐம்பது, அறுபது பொருள்கள் வரும். குழாய் உடைப்பைச் சரிசெய்த செலவு, கொசு மருந்து வாங்கியது, தெருவிளக்குப் பராமரிப்பு ஒப்பந்தத்தை நீட்டிப்பது, இப்படி. நடுவில் ஒரு பொருள் நான்கு வரியில் இருக்கும்: 'மேற்படி வார்டில் நகராட்சிக்குச் சொந்தமான காலியிடத்தில் நுண் உர மையம் அமைக்கும் பணி, மன்றத்தின் பார்வைக்கும் அனுமதிக்கும் வைக்கப்படுகிறது.' அலுவலர் வாசிப்பார். இரண்டு பேர் மேசையைத் தட்டுவார்கள். அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள். மினிட் புத்தகத்தில் 'ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது' என்று ஏறிவிடும். அந்த நான்கு வரியில் பூங்கா என்ற சொல் இருக்காது. மனைப்பிரிவு ஒப்புதல் எண் இருக்காது. பல நேரம் சர்வே எண்கூட இருக்காது. உங்கள் கவுன்சிலரே அது உங்கள் நகரைப் பற்றியது என்று தெரியாமல் தலையாட்டியிருக்கலாம். அவரைப் பகைத்துக்கொள்ளாதீர்கள். பின்னால் தேவைப்படுவார்.

'காலியிடம்.' இந்த ஒரு சொல்லில்தான் உங்கள் பூங்கா போயிருக்கிறது. கூட்டத்துக்கு முன்பே, அலுவலகக் குறிப்பு எழுதிய மேசையிலேயே போய்விட்டது.

இதை நான் உறுதியாகச் சொல்லக் காரணம், நானே அப்படி எழுதியிருக்கிறேன். வெகு வருடங்களுக்கு முன் ஓர் ஊரில், குப்பையை எங்கே கொண்டுபோவது என்று மேலிடத்திலிருந்து தினமும் அழுத்தம். பட்டியலில் ஒரு மனைப்பிரிவின் பூங்கா இடம் கண்ணில் பட்டது. முள் மண்டிக் கிடந்தது, கேட்பாரில்லை. குறிப்பில் 'காலியிடம்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பொய் எழுதுகிறோம் என்று அப்போது தோன்றவில்லை. காலியாகத்தானே கிடக்கிறது என்று நினைத்தேன். செங்கல் தொட்டிகள் கட்டினோம். முதல் மூன்று மாதம் வாழை மட்டையும் காய்கறிக் கழிவும் மட்டும் வந்தன, நாற்றமே இல்லை. அப்புறம் பிளாஸ்டிக்கும் டயாபரும் கலந்து வரத் தொடங்கின. ஐப்பசி மழையில் தொட்டித் தண்ணீர் கசிந்து தெருவில் ஓடிற்று. ஒரு நாள் காலை ஓர் அம்மா எவர்சில்வர் சொம்பில் தன் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து என் மேசை மேல் வைத்தார். ஒன்றும் பேசவில்லை. பால் விடாத டீயின் நிறத்தில் இருந்தது தண்ணீர். அதை வேறிடத்துக்கு மாற்ற எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. கிணறு தெளிய அதற்கு மேலும் இரண்டு மழைக்காலம். இன்றைக்கு உங்களுக்கு இவ்வளவு நீளமாக எழுதுவது அந்தச் சொம்பின் காரணமாகத்தான்.

ஆகவே உங்கள் வேலை, அந்தக் கோப்பில் 'பூங்கா' என்ற சொல்லைத் திரும்ப ஏற்றுவது. கோஷத்தால் அது முடியாது. காகிதத்துக்குக் காகிதம்தான் பதில்.

உங்கள் வீட்டுப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். அதில் டி.டி.சி.பி. ஒப்புதல் எண் இருக்கும். அந்த எண்ணைக் கொண்டு மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்தில் ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவு வரைபடத்தின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். பூங்கா இடம் அதில் தனியாகக் காட்டப்பட்டிருக்கும். அடுத்து தானப் பத்திரம். மனை போட்டவர் சாலைகளையும் பூங்காவையும் அப்போதைய ஊராட்சிக்குப் பதிவு செய்து எழுதிக்கொடுத்திருக்க வேண்டும். சார்பதிவாளர் அலுவலகத்தில் அந்த சர்வே எண்ணுக்கு 1995-லிருந்து வில்லங்கச் சான்று போட்டால் தானப் பத்திர எண் கிடைத்துவிடும். 'பூங்கா மற்றும் பொது உபயோகத்துக்காக' என்பது போல ஒரு வாசகம் அதில் இருக்கும். என்ன நோக்கத்துக்குக் கொடுத்தார்கள் என்ற அந்த வரிதான் உங்கள் பலம்.

இங்கே ஒரு சிக்கல் வரக்கூடும். ஊராட்சி நகராட்சியில் சேர்ந்தபோது பதிவேடுகள் ஒழுங்காகக் கை மாறாத ஊர்கள் நிறைய. பட்டா இன்னும் மனை போட்டவர் பெயரிலேயே நிற்கும். அப்படியிருந்தால் பதறாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். பட்டாவை நகராட்சி பெயருக்கு 'பூங்கா' என்ற வகைப்பாட்டோடு மாற்றச் சொல்லித் தாசில்தாரிடமும் ஆணையரிடமும் மனுக் கொடுங்கள். அது நகராட்சிக்கும் நல்லது. பட்டா தன் பெயரில் இருக்கிற தைரியத்தில் மனை போட்டவரின் வாரிசுகள் பூங்காவை மனையாக்கி விற்ற வழக்குகளை நான் பார்த்திருக்கிறேன். தானப் பத்திரமே எழுதாமல் விட்டிருந்தாலும், வரைபடத்தில் பூங்கா என்று காட்டி மனைகளை விற்றவர் அந்த இடத்தை வேறு எதற்கும் திருப்ப முடியாது.

நகராட்சியிடம் இருக்கும் காகிதங்களுக்கு 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு மனு. முப்பது நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டால் அடுத்த முப்பது நாளுக்குள் மேல்முறையீட்டு அலுவலருக்கு முதல் முறையீடு. மனுவில் 'ஏன்', 'எப்படி' என்று கேட்காதீர்கள். 'எங்கள் பூங்காவில் எப்படிக் குப்பை மையம் கட்டலாம்?' என்று கேட்டால், இது தகவல் அல்ல என்று ஒரு வரியில் மூடிவிடுவார்கள், சட்டப்படி அதற்கு இடமும் உண்டு. ஆவணத்தைக் கேளுங்கள்: அந்தப் பொருளின் அலுவலகக் குறிப்பு, தீர்மான நகல், இடத்தைத் தேர்வு செய்த ஆய்வறிக்கை, பூங்கா இடத்தை வேறு பயனுக்கு மாற்ற நகர் ஊரமைப்புத் துறையிடம் அனுமதி கேட்ட கடிதமும் அதற்கு வந்த பதிலும். கடைசியாகச் சொன்னது அனேகமாக இருக்காது. 'அவ்வாறான ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை' என்று அவர்களே எழுதித் தரும் அந்த ஒரு வரி, பத்து வழக்கறிஞர்களுக்குச் சமம்.

முப்பது நாள் காத்திருக்க முடியாதே என்பீர்கள். காத்திருக்க வேண்டாம். வரைபட நகல் கையில் வந்த அன்றே ஆணையருக்கும் நகர்மன்றத் தலைவருக்கும், நகலை நகராட்சி நிர்வாக இயக்குநருக்கும் ஆட்சியருக்கும் அனுப்பி ஒரு மனுக் கொடுங்கள். ஒரே பக்கம். இது ஒப்புதல் பெற்ற பூங்கா இடம், தீர்மானக் குறிப்பில் காலியிடம் என்று தவறாகக் காட்டப்பட்டிருக்கிறது, எனவே பொருளை மறுபடி மன்றத்தின் முன் வைக்க வேண்டும், அதுவரை பணி உத்தரவு வழங்கக் கூடாது. நேரில் கொடுத்து, முத்திரை போட்ட ஒப்புகையை வாங்கிக்கொள்ளுங்கள். திங்கட்கிழமைக் குறைதீர்க் கூட்டத்தில் கொடுத்தால் மனு எண் கிடைக்கும். ஒரு ஆணையருக்கு இப்படி ஒரு கடிதம் பதிவாகிவிட்டால், அதற்குப் பிறகு பணி உத்தரவில் கையெழுத்துப் போடக் கை தயங்கும். தணிக்கையில் தன் பெயர் வரும் என்று அவருக்குத் தெரியும்.

சட்டம் உங்கள் பக்கம்தான். பெங்களூரு ராஜ்மகால் விலாஸ் விரிவாக்கத்தில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்டக் கொடுத்தார்கள். முதலமைச்சரின் உத்தரவின் பேரில் நடந்த ஒதுக்கீடு அது. அந்தப் பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். உங்களுக்கு இதில் என்ன பாதிப்பு, வழக்குப் போட நீங்கள் யார் என்று எதிர்த்தரப்பு கேட்டது. 1991-இல் உச்ச நீதிமன்றம் ஒதுக்கீட்டைச் செல்லாது என்றது. பூங்கா பறிபோனால் கேட்க அங்கே வசிப்பவர்களுக்கு உரிமை உண்டு என்றும் சொன்னது. பெங்களூர் மெடிக்கல் டிரஸ்ட் எதிர் முத்தப்பா என்று கேட்டால் எந்த வழக்கறிஞருக்கும் தெரியும். சென்னை உயர் நீதிமன்றமும் பூங்கா இடங்களை வேறு வேலைக்குத் திருப்பக் கூடாது என்று பல வழக்குகளில் சொல்லியிருக்கிறது. ஒன்றை மட்டும் எதிர்பார்த்துத் தயாராக இருங்கள்: 'அது தனியாருக்குக் கொடுத்தது, இது பொதுக் காரியம்' என்று நகராட்சி வாதாடும். பொதுக் காரியமாகவே இருந்தாலும், பூங்காவுக்கென்று வாங்கிய இடத்துக்கு நகராட்சி அறங்காவலர் மாதிரிதான், இஷ்டத்துக்கு மாற்ற உரிமையாளர் அல்ல என்பது உங்கள் பதில். ஆனால் நீதிமன்றத்துக்கு முதலில் ஓடாதீர்கள். மனுக் கொடுத்து, பதில் இல்லை அல்லது மறுத்துவிட்டார்கள் என்ற நிலையில் போனால்தான் வழக்கு நிற்கும். பணி உத்தரவு வழங்கிவிட்டார்கள் என்று தெரிந்தால் மட்டும் ஒரு நாள்கூடத் தாமதிக்க வேண்டாம்.

மன்றக் கூட்டத்தில் பேச விடவில்லை என்று வருத்தப்பட்டிருக்கிறீர்கள். மன்றத்தில் கவுன்சிலர்கள்தான் பேச முடியும், அதில் தவறில்லை. ஆனால் வருத்தத்துக்கு வேறொரு காரணம் இருக்கிறது. 2011-க்கு முன் நீங்கள் ஊராட்சியில் இருந்தபோது உங்களுக்குக் கிராம சபை இருந்தது. ஆலமரத்தடியிலோ பள்ளிக்கூடத்திலோ, தலைவரை நேருக்கு நேர் கேள்வி கேட்கலாம். நகராட்சியில் சேர்ந்த அன்றே அது போய்விட்டது. சாலையும் தெருவிளக்கும் வரும் என்ற பேச்சில் இந்த இழப்பை அன்று யாரும் கவனிக்கவில்லை.

அதை ஓரளவு ஈடுகட்டத்தான் 2022-இல் வார்டு குழு, பகுதி சபா விதிகளை அரசு கொண்டுவந்தது. அந்த வருடம் நவம்பர் 1-ஆம் தேதி உள்ளாட்சி தினத்தன்று நகரங்களில் முதல் முறையாக இந்தக் கூட்டங்கள் நடந்தன. தாம்பரம் மாநகராட்சி பம்மலில் நடந்த கூட்டத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் வந்து உட்கார்ந்தார். ஒவ்வொரு வார்டும் சில பகுதிகளாகப் பிரிக்கப்பட்டு, கவுன்சிலர் தலைமையில் சபா கூட வேண்டும். ஜனவரி 25, ஏப்ரல் 14, செப்டம்பர் 15, டிசம்பர் 10 என்று நாளும் குறித்திருக்கிறார்கள். நடைமுறையில் பல ஊர்களில் இருபது பேரைக் கூட்டி போட்டோ எடுத்துக் கலைகிறார்கள். நீங்கள் அப்படி விடாதீர்கள். அடுத்த பகுதி சபாவுக்கு 118 வீட்டிலிருந்தும் ஒருவராவது வாருங்கள். வரைபட நகலைக் கவுன்சிலர் கையில் எல்லார் முன்னிலையிலும் கொடுங்கள். 'இந்த இடம் பூங்காவாகவே மேம்படுத்தப்பட வேண்டும்' என்று எழுதி வாங்கி, பதிவேட்டில் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டே கலையுங்கள். தன் வார்டு மக்களே ஒன்றாகக் கேட்டதைக் கவுன்சிலர் மன்றத்தில் எழுப்பியே ஆக வேண்டும். அவருக்கும் அது நல்ல பெயர்.

இப்போது கொஞ்சம் கசப்பானதைச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடிதம் இரண்டு பக்கம். அதில் நாற்றம், கொசு, மனை விலை குறைவது எல்லாம் இருக்கிறது. உங்கள் வீட்டுக் குப்பை இப்போது எங்கே போகிறது என்று ஒரு வரி இல்லை. ஊருக்கு வெளியே ஏதோ ஓர் உரக்கிடங்கில், வேறு யாருடைய வீட்டுக்குப் பக்கத்திலோதான் அது மலையாகக் கிடக்கிறது. ஒரே மலையாகக் குவிக்காமல் அந்தந்தப் பகுதியிலேயே உரமாக்க வேண்டும் என்ற நுண் உர மையத்தின் எண்ணம் நல்ல எண்ணம். இடம்தான் தப்பு. அதனால் 'வேண்டாம்' என்று மட்டும் நிற்காதீர்கள். வார்டில் நகராட்சிக்கு உண்மையிலேயே சொந்தமான, பூங்காவாக ஒதுக்கப்படாத இடங்கள் எவை என்று அதே தகவல் மனுவில் பட்டியல் கேளுங்கள். வீடுகளிலிருந்து தள்ளி, லாரி போக வழியுள்ள இரண்டு இடத்தையாவது நீங்களே போய்ப் பார்த்து மனுவில் எழுதுங்கள். கூடவே, எங்கள் 118 வீட்டிலும் மக்கும் குப்பையைப் பிரித்தே தருவோம் என்று எழுதுங்கள், எழுதியபடி செய்யுங்கள். வீட்டுக்கு அரைக் கிலோ, முக்கால் கிலோ என்று பார்த்தாலும் உங்கள் நகரின் ஈரக் குப்பை நாளைக்கு நூறு கிலோகூட வராது. பிரித்து வந்தால் நாறாது. என் தொட்டிகள் நாறியது குப்பை கலந்து வந்ததால்தான்.

வேறு இடமில்லை, நிதியில்லை என்று பதில் வந்தால் ஒரு பழைய தீர்ப்பை நினைவூட்டலாம். மத்தியப் பிரதேசம் ரத்லாம் ஊரில் சாக்கடை நாற்றம் தாங்காமல் தெருக்காரர்கள் நகராட்சி மேல் வழக்குப் போட்டார்கள். பணமில்லை என்றது நகராட்சி. 1980-இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பணமில்லை என்பது கடமையிலிருந்து தப்பிக்கும் காரணமாகாது என்று சொல்லிவிட்டார்.

சொத்து வரி விஷயம். வேண்டவே வேண்டாம். வரி பாக்கி உள்ளவர்களின் மனுவை ஓரமாக வைப்பது அலுவலகத்தில் மிகச் சுலபம். 'பாக்கிதாரர்கள் செய்யும் தகராறு' என்று ஒரே வரியில் உங்கள் நியாயமெல்லாம் போய்விடும். தலைகீழாகச் செய்யுங்கள். அரையாண்டு தொடங்கும் ஏப்ரலிலோ அக்டோபரிலோ முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, ஐயாயிரம் ரூபாய் வரை கழிக்கிறார்கள். எல்லா வீடும் அந்த மாதத்திலேயே கட்டி, ரசீது நகல்களை மனுவோடு கோத்துக் கொடுங்கள். பாக்கியே இல்லாத ஒரு தெருவின் மனுவை எந்த ஆணையரும் எழுந்து நின்று வாங்குவார். நான் வாங்கியிருக்கிறேன்.

இன்னொன்றும் மனத்தில் இருக்கிறது. எத்தனையோ வருடம் அந்த இடத்தில் கருவேலம் வளர்ந்தபோது ஒரு மனுவும் போகவில்லை. நான் அன்று அந்தக் குறிப்பை எழுதியதும் இப்படிக் கேட்பாரற்றுக் கிடந்ததால்தான். இப்போது முள் போய்விட்டது. மறுபடி முளைக்கும் முன் அந்த இடத்தில் மாலையில் ஆள் நடமாட்டம் இருக்கட்டும். பிள்ளைகள் விளையாடட்டும். மரம் நடுவதாக இருந்தால் ஆணையருக்குக் கடிதம் கொடுத்துவிட்டு நடுங்கள். அனுமதியின்றி வேலி, கொட்டகை எதுவும் போட்டுவிடாதீர்கள், அது உங்களையே ஆக்கிரமிப்பாளராக்கிவிடும். தீர்மானம் ரத்தானதும் 'நமக்கு நாமே' திட்டத்தில் பூங்காவுக்கு விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் போட்டால் மீதியை அரசு தரும். நடைபாதையும் நான்கு பெஞ்சும் விளக்கும் என்று சிறியதாகத் தொடங்கினால் 118 வீட்டுக்கு அது பெரிய பாரமாக இருக்காது.

தானப் பத்திரம் கைக்கு வந்ததும் சொத்து விவரத்தில் நான்கெல்லை எழுதியிருக்கும் இடத்தைப் படித்து, நில அளவரை வைத்து ஒரு முறை அளந்துவிடுங்கள். இத்தனை வருடத்தில் 45 சென்ட் 45 சென்டாகவே இருப்பது அபூர்வம். பக்கத்து வீட்டுக் காம்பவுண்டோ கார் ஷெட்டோ ஒன்றிரண்டு சென்ட் உள்ளே வந்திருக்கும். மன்றத்தில் உங்கள் மனு வரும் அன்று யாராவது ஒருவர் முதலில் எழுப்பப் போவது அதைத்தான். அந்த வீட்டுக்காரர் உங்கள் சங்க உறுப்பினராகவே இருந்தால், நகராட்சி நோட்டீஸ் கொடுக்கும்வரை காத்திராமல் நீங்களே ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசிவிடுங்கள் டீச்சர். அவருடைய பிள்ளைகளும் உங்களிடம் படித்தவர்களாக இருக்கக்கூடும்.